லெஞ்ஞானோ வண்டிக்கு வடம் பிடித்தவர்

புவனேந்திரனைத் தெரிந்தவர்களுக்கு அவரைப் பற்றி இரண்டு விசயங்கள் நிச்சயமாகத் தெரியும். ஜேர்மனியில் வுப்பர்டாலுக்கு அருகே, பூட்டுச் செய்யும் தொழிற்சாலைகள் நிறைந்த ஒரு சிறு நகரத்தில், அப்படியான தொழிற்சாலை ஒன்றிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பது ஒன்று. அந்த நகரத்துப் பிள்ளையார் கோயிலின் தேர்வடம் அவருடைய பொறுப்பில் இருக்கிறது என்பது மற்றது.

கோயில் என்றால் கோபுரம் உள்ள கோயில் அல்ல. முன்பு தச்சுப் பட்டறையாக இருந்த கட்டடம். ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொலிசார் தெருவை மறித்துத் தருவார்கள்; சிறிய தேர் ஒன்று தொழிற்பேட்டையைச் சுற்றி வரும். தேர் இருப்பிடத்துக்கு வந்ததும் எல்லோரும் அன்னதானத்துக்கு வரிசையில் நிற்க, புவனேந்திரன் வடத்தோடு நிற்பார். அதன் ஈரத்தைத் துடைத்து, மண்டபத்தில் நீளமாக விரித்து, நன்றாகக் காய்ந்த பிறகு சுருட்டி, எலி ஏறாத இடத்தில் தொங்கவிடுவார். தேரன்று ஆட்களை வடத்தில் நிறுத்துகிறவரும் அவர்தான். வலு உள்ளவர்கள் தேருக்குக் கிட்ட. உயரத்துக்கு உயரம் சரியாக இரண்டு பக்கமும். பள்ளிப் பிள்ளைகள் முன் நுனியில். யார் எங்கே நின்றால் வடம் தொய்யாது என்பது அவருக்கு மனப்பாடம். வேலையிலும் அப்படித்தான். அவர் அடுக்கிய பூட்டுப் பெட்டியில் பிழை கண்டுபிடித்தவர் இல்லை.

அவர் 1985இல் வந்தவர். கிழக்கு பேர்லினில் விமானத்தால் இறங்கி, நகர ரயில் ஏறி மேற்குப் பக்கம் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து இந்தப் பகுதிக்கு அனுப்பப்பட்டார். அகதிகளைத் தங்கவைத்திருந்த விடுதியில் அவருடைய அறைக்குள் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். பெயர் நவரத்தினம், புவனேந்திரனை விட ஐந்து வயது இளையவர். வேலை செய்ய அனுமதி இல்லாத அந்தக் காலத்தில் மற்றவர்கள் சீட்டு விளையாடிப் பொழுதைப் போக்க, நவரத்தினம் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து ஜேர்மன் படித்தார். பிறகு நகரப் பேருந்துச் சாரதியானார். புவனேந்திரனுக்கு அந்த மொழி வசப்படவே இல்லை. குடியேற்ற அலுவலகம், வைத்தியர், மகள் துஷானியின் பள்ளிக்கூடம், எங்கே டெர்மின், அதாவது நேரம் குறித்த சந்திப்பு, என்றாலும் நவரத்தினம் கூட வருவார். புவனேந்திரன் தமிழில் சொல்வார். நவரத்தினம் அதை ஜேர்மனில் சொல்வார். நவரத்தினத்தின் வாய் இல்லாமல் புவனேந்திரனுக்கு ஜேர்மனி இல்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். யாழ்ப்பாணத்தில் இருவரும் அடுத்தடுத்த ஊர்க்காரர்கள். நடுவில் ஒரு வயல்வெளிதான். நவரத்தினத்தின் ஆட்கள் புவனேந்திரனின் ஊர்க் கோயிலுக்கு வந்தால் வெளிவீதியில் நின்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். வடத்தைத் தொட அவர்களை விட்டதில்லை. சாதிதான் காரணம். விடுதியில் முதல் நாளே, ஊர்ப் பெயரைச் சொன்னவுடனே, இருவருக்கும் இது தெரிந்துவிட்டது. இருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. ஒரே சட்டியில் சமைத்தார்கள். ஒரே சோற்றுக் கோப்பையில் கைபோட்டுச் சாப்பிட்ட நாட்களும் உண்டு. ஆகவே அந்த விசயம் தீர்ந்துபோனது என்று புவனேந்திரன் முடிவு கட்டிக்கொண்டார்.

2023ஆம் ஆண்டு, வசந்த காலத் தொடக்கத்தில், பிரிங்க்மன் ரீச்சர் கோயிலுக்கு வந்தார். துஷானிக்கு ஒரு காலத்தில் வரலாறு படிப்பித்தவர். ஓய்வுக்குப் பிறகு நகர வரலாற்றுச் சங்கத்தை நடத்துகிறவர். இத்தாலியின் வடக்கே ஒரு சிறு நகரம் இந்த நகரத்துக்கு நட்பு நகரம். அங்கிருந்து விருந்தினர் வருகிறபோது லெஞ்ஞானோப் போரைப் புல்வெளியில் நடித்துக் காட்டுவது வழக்கம். 1176இல் சக்கரவர்த்தி பார்பரோசாவை எதிர்த்து வட இத்தாலிய நகரங்கள் கூட்டுச் சேர்ந்து நின்ற போர் அது. கொல்ன் நகரப் பேராயர் சக்கரவர்த்திக்குத் துணையாகப் படை திரட்டி அனுப்பினார். இந்தப் பக்கத்து மனிதரும் அதில் போயிருப்பார்கள் என்பது ரீச்சரின் நம்பிக்கை. போரில் சக்கரவர்த்தியின் பக்கம் தோற்றது. தோற்ற போரைத் தாங்களே நடிப்பதில் சங்கத்தாருக்கு ஒரு பெருமை இருந்தது.

நகரங்களின் படை நடுவில் ஒரு பெரிய வண்டி நிற்கும். அதில் கொடிமரம், சிலுவை, மணி எல்லாம் இருக்கும். அந்த வண்டி விழாதவரை படை விழாது. நிஜத்தில் அதை எருதுகள் இழுத்தன. நடிப்பிலும் இதுவரை எருதுகள்தாம் இழுத்தன; ஆனால் அவற்றை வளர்த்த விவசாயி அந்த வருடம் விற்றுவிட்டார். ரீச்சருக்குத் தேர்த் திருவிழா நினைவுக்கு வந்திருக்கிறது.

"முப்பது பேர் வேணுமாம் அண்ணை," என்றார் மொழிபெயர்க்க வந்திருந்த நவரத்தினம். "கயிறும் நாங்கள் குடுத்தால் நல்லதாம்."

"கயிறு இருக்கு. ஆளும் இருக்கு. நான் பொறுப்பு எண்டு சொல்லு."

முதல் ஒத்திகை கால்பந்து மைதானத்தில் நடந்தது. பழைய வைக்கோல் வண்டி ஒன்றைத் தீயணைப்புத் தொண்டர்கள் திருத்திக் கொடிமரம் நாட்டியிருந்தார்கள். புவனேந்திரன் வடத்தைக் கட்டி, ஆட்களை நிறுத்தினார். வலு உள்ள ஆள் ஒன்று குறைந்தது. "நவம், நீயும் வந்து பிடி," என்றார். நவரத்தினம் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு மேலங்கியைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு வந்து, வண்டிக்குக் கிட்ட, இரண்டு கையாலும் வடத்தைப் பிடித்தார். ஏனென்று தெரியாமல் அவர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

இடைவேளையில் ரீச்சர் போரின் கதையைச் சொல்ல, வடத்தை விடாமலே நவரத்தினம் அதைத் தமிழில் சொன்னார்.

"நீங்கள் வலப்பக்கத்து ஆக்கள் மிலான். இடப்பக்கம் லோடி. மிலான்காரர் லோடியை எரிச்சுத் தரைமட்டமாக்கினவை. பிறகு சக்கரவர்த்தி மிலானைப் பிடிச்சு இடிக்கேக்கை லோடிக்காரரும் போய் நிண்டு இடிச்சவை. அதுக்குப் பிறகு எல்லாரும் கூட்டுச் சேர்ந்து இந்த வண்டியைச் சுத்தி ஒண்டாய் நிண்டவையாம்."

"ஆளையாள் சுட்ட எங்கடை இயக்கங்களை விடப் பரவாயில்லை," என்றார் சிற்றம்பலத்தார். கோயில் நிர்வாகத்தில் மூத்தவர், எழுபது தாண்டியவர், வடம் பிடிக்காமல் மேற்பார்வைக்கு வந்திருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். ரீச்சர் என்னவென்று கேட்டார். "அதை மொழிபெயர்க்க ஏலாது," என்று நவரத்தினம் ஜேர்மனில் சொன்னார்.

இரண்டாவது ஒத்திகையின்போது சிற்றம்பலத்தார் புவனேந்திரனைச் சைக்கிள்கள் நிறுத்தும் பக்கம் கூப்பிட்டார்.

"புவனம், நவரத்தினம் வடத்திலை நிக்கிறான்."

"ஓம் அண்ணை. நல்லாய் இழுப்பான்."

"இழுப்பான், இழுப்பான். நான் அதைக் கேக்கேல்லை." தொண்டையைச் செருமிக்கொண்டார். "எனக்கு ஒண்டும் இல்லைத் தம்பி. நான் ஆரோடையும் இருந்து சாப்பிடுவன், உனக்குத் தெரியும். ஆனால் ஒரு பத்துப் பன்னிரண்டு பேர் முகத்தைச் சுழிக்கினம்."

"இது நாடகம் அண்ணை. தேர் இல்லையே."

"வடம் ஆரின்ரை? பிள்ளையாரின்ரை வடம். ஆனியிலை திரும்ப இதைத்தானே தேரிலை கட்டப் போறாய்? நான் சொல்லுறதைச் சொல்லிப்போட்டன். அவங்கள் வராமல் விட்டால் வண்டியை நீயும் ரீச்சரும் இழுங்கோ."

யார் அந்தப் பத்துப் பன்னிரண்டு பேர் என்று புவனேந்திரன் கேட்கவில்லை. எதையும் எண்ணிப் பார்க்காமல் கையெழுத்து வைக்காத மனிதர், அன்றைக்குக் கேட்கவில்லை. முப்பது பேர் தருகிறேன் என்று சொன்ன வாக்குத்தான் அவர் மனதில் நின்றது. நகரத்தார் முன்னால் தமிழர் அரைவாசிப்பேர் வராமல் போனால் என்ன முகம் என்று நினைத்தார்.

வடத்தடிக்கு வந்தார். "நவம், சக்கரவர்த்தியின்ரை பக்கம் ஆள் காணாதாம். உனக்கு ஜேர்மன் நல்லாய் வரும். நீ அங்கை நிண்டால் நல்லது எண்டு நினைக்கிறன்."

நவரத்தினம் வடத்தைப் பார்த்தார். சைக்கிள்கள் நிற்கும் பக்கம் திரும்பிச் சிற்றம்பலத்தாரைப் பார்த்தார். கடைசியாகப் புவனேந்திரனைப் பார்த்தார்.

"ஓம் அண்ணை. விளங்குது."

வடத்தை அவர் கீழே போடவில்லை. தனக்குப் பின்னால் நின்றவரின் கையில் மெதுவாகக் கொடுத்துவிட்டுப் போனார். சண்டை பிடித்திருந்தால் புவனேந்திரனுக்கு ஏதாவது பதில் சொல்ல வந்திருக்கும்.

நல்லாய் இழுத்த மனிதரை ஏன் எடுத்தீர்கள் என்று ரீச்சர் சைகையோடு கேட்டார். மொழிபெயர்க்க நவரத்தினம் பக்கத்தில் இல்லை. முதுகு, வலி: தொழிற்சாலையில் வேலை செய்த எவனுக்கும் இந்த இரண்டு ஜேர்மன் சொற்களும் வரும். புவனேந்திரன் அவற்றைச் சொல்லித் தன் இடுப்புக்குப் பின்னால் கையையும் வைத்துக் காட்டினார். ரீச்சர் மிகவும் வருத்தப்பட்டார்.

கடைசி ஒத்திகையில் அந்தப் பொய் திரும்பி வந்தது. சக்கரவர்த்தியின் கொடியைத் தாங்கும் வீரன் போரில் ஈட்டி பாய்ந்து விழ வேண்டும். ரீச்சர் அந்த வேடத்தை நவரத்தினத்துக்குக் கொடுத்திருந்தார். அவர் விழப்போகும் இடத்தில், பள்ளிக்கூட உடற்பயிற்சி மெத்தை ஒன்றை விரித்து, மேலே வைக்கோல் தூவச் சொன்னார். தன்னுடைய எலும்பு வைத்தியரின் பெயரையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார். நவரத்தினம் துண்டை வாங்கிப் படித்துவிட்டு, வழக்கம்போலப் புவனேந்திரனிடம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"அண்ணை, எனக்கு முதுகு நோவாம். விழேக்கை நோகாமல் இருக்க மெத்தை போட்டிருக்கினமாம். நீங்கள் சொன்னனீங்களாம்."

புவனேந்திரன் குனிந்து வடத்தின் முடிச்சைத் திருத்தினார்.

"நன்றி சொல்லிவிடட்டோ?" என்று கேட்டார் நவரத்தினம். பதிலுக்கு நிற்காமல் ரீச்சருக்கு நன்றி சொன்னார். துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

சனிக்கிழமைகளில் பின்னேரம் நவரத்தினம் புவனேந்திரன் வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் குடிப்பது பல வருடப் பழக்கம். இரண்டு சனி அவர் வரவில்லை. புவனேந்திரனின் மனைவி ஜெயமலர் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு என்ன நடந்தது என்று கேட்டாள். அவர் சொன்னார். எல்லாவற்றையும், முதுகு நோ உட்பட, ஒழுங்காக ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார்.

"சிற்றம்பலத்தார் சொன்னவராம், இவர் செய்தவராம்," என்றாள் அவள், சுவரைப் பார்த்து.

"நான் என்ன செய்யிறது? முப்பது பேர் தாறன் எண்டு வாக்குக் குடுத்திட்டன்."

"இஞ்சாருங்கோ, ஒண்டு கேக்கிறன். கோயில் தேர் தொடங்கி எத்தினை வருசம்? நவம் அண்ணை எந்தப் பக்கத்து வடம் பிடிக்கிறவர்? வலமோ இடமோ? உங்களுக்குத்தானே எல்லாம் மனப்பாடம், சொல்லுங்கோ பாப்பம்."

புவனேந்திரன் யோசித்தார். ஒவ்வொரு வருடத்து வடமும் ஆட்களோடு அவர் கண்முன் வந்தது. இறந்துபோனவர்கள் நின்ற இடம்கூடத் தெரிந்தது. நவரத்தினத்தை அதில் காணவில்லை. அவரைத் தண்ணீர்ப் பந்தலில்தான் காண முடிந்தது. பெரிய வாளியில் மோர் கரைத்து, தேர் பந்தலடிக்கு வரும்போது முதல் குவளையை நீட்டி "இந்தாங்கோ அண்ணை" என்பார். நவத்துக்கு அந்த வேலைதான் பிடிக்கும் என்று அவர் நினைத்திருந்தார். நினைத்தார் என்று சொல்வதும் அதிகம். அதைப் பற்றி அவர் நினைக்கவே இல்லை.

"அவன் ஒருநாளும் கேக்கேல்லையே," என்றார்.

"நீங்கள் ஒருநாள் கூப்பிட்டனீங்களோ?"

கூப்பிட்டார், ஒரே ஒரு தரம். அது நாடகம் என்பதால் கூப்பிட்டார். அன்றைக்கு நவரத்தினம் ஏன் சிரித்துக்கொண்டே நின்றார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சாப்பாட்டுக்கு ஜெயமலர் கூப்பிட்டபோது பசிக்கவில்லை என்று சொன்னார். அவள் வற்புறுத்தவில்லை.

இனி அவருக்கு வண்டியும் பெரிதில்லை, நகரத்தார் முன்னால் முகமும் பெரிதில்லை. நவரத்தினம் தன்னை விட்டுப் போய்விடக் கூடாது என்ற ஒன்றுதான் இருந்தது. தொலைபேசியைக் கையில் எடுப்பார். என்ன சொல்வதென்று தெரியாமல் வைத்துவிடுவார்.

பெந்தெகொஸ்தே ஞாயிறு வந்தது. முதல் நாள் முழுக்க மழை பெய்து புல்வெளி ஊறிக் கிடந்தது. ஆனாலும் சனம் திரண்டிருந்தது. ஒரு பக்கம் தொத்திறைச்சி சுடும் புகை; ஒரு பக்கம் இத்தாலிய விருந்தினரின் பாட்டு. தமிழர் முப்பது பேரும் சாம்பல் நிறச் சணல் அங்கிகளில் வந்து நின்றார்கள். நவரத்தினத்தின் இடத்துக்கும் வேறு ஆள் வந்திருந்தது; ஒருவரும் குறையவில்லை. சிற்றம்பலத்தார் குடை பிடித்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

மேளம் அடித்தது. புவனேந்திரன் "அரோகரா" என்று குரல் கொடுக்க, வண்டி அசைந்தது. பாதி தூரம் வந்ததும் பின்சில்லு இரண்டும் சேற்றில் புதைந்தன. இழுத்தார்கள். மூச்சுப் பிடித்து மறுபடியும் இழுத்தார்கள். சில்லு இன்னும் கீழே போனதே தவிர, முன்னால் வரவில்லை. சக்கரவர்த்தியின் படை எதிரே வாளோடு நின்று காத்திருந்தது. சனம் சிரிக்கத் தொடங்கியது. ரீச்சர் ஒலிபெருக்கியை எடுத்து, பகையை ஐந்து நிமிடம் ஒத்திவைக்கும்படி சக்கரவர்த்தியின் வீரர்களைக் கேட்டுக்கொண்டார். பெரிய கரகோசம் எழுந்தது. வீரர்கள் வாளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். தீயணைப்புத் தொண்டர், வெதுப்பகக்காரர், வங்கியில் வேலை செய்யும் பெண், அப்போதுதான் தொத்திறைச்சி தின்று விரலை நக்கிய மனிதர், எல்லோரும் வடத்தைப் பிடித்தார்கள். புவனேந்திரன் தன் ஆட்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒருவரும் முகத்தைச் சுழிக்கவில்லை. "வாங்கோ வாங்கோ" என்று சிரித்து இடம் விட்டுக் கொடுத்தார்கள். சிற்றம்பலத்தாரும் குடையை மடக்கி வைத்துவிட்டுக் கைதட்டிக்கொண்டிருந்தார்.

எதிர்ப்பக்கத்துப் புல்வெளியில் ஒரே ஒருவர்தான் மிஞ்சி நின்றார். வெள்ளி வண்ணம் அடித்த கம்பளிக் கவசத்தோடு, சக்கரவர்த்தியின் கொடியைப் பிடித்துக்கொண்டு நவரத்தினம் நின்றார்.

"நவம்!" என்று புவனேந்திரன் கத்தினார். குரல் தன்னுடையது போலவே அவருக்குக் கேட்கவில்லை. "நவம், நீயும் வா!"

நவரத்தினம் அங்கிருந்தபடியே, எல்லோருக்கும் கேட்க, சிரித்த முகத்தோடு தமிழில் சொன்னார். "நான் சக்கரவர்த்தியின்ரை ஆள் அண்ணை. எனக்கு முதுகு வேறை நோவு."

தமிழர்களில் சிலர் சிரித்தார்கள். ஜேர்மன்காரருக்கு விளங்காவிட்டாலும் அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். வண்டி ஒரு குலுக்கலோடு சேற்றிலிருந்து எழும்பி வந்தது.

பிறகு போர் நடந்தது. நவரத்தினம் தன் முறைக்கு ஓடி வந்து, ஈட்டி பட்டு விழுந்தார். மெத்தை விரித்திருந்த இடத்துக்கு இரண்டு அடி தள்ளி, வெறும் சேற்றில் விழுந்தார். சக்கரவர்த்தி குதிரையிலிருந்து சரிந்தார். அவருடைய ஆட்கள் ஓடினார்கள். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. எல்லாம் எழுதி வைத்தபடியே முடிந்தது.

முடிவில் ரீச்சர் மேடையில் ஏறிப் பேசினார். எங்கள் தமிழ் நண்பர்கள், ஒருவரையொருவர் எரித்த நகரங்கள் பழசை மறந்து ஒன்றாய் நின்றது போல, ஒரே கயிற்றில் நின்று காட்டினார்கள் என்றார். இத்தாலிய மேயர் புவனேந்திரனைக் கட்டிப்பிடித்தார். மரத்தில் செதுக்கிய சிறிய கொடிவண்டி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். பேச்சு என்ன என்பதை அருகில் நின்ற துஷானி அவர் காதில் சொல்லச் சொல்ல, அவருக்கு அந்த மேடைப் பலகை பிளந்து உள்ளே போய்விட்டால் நல்லது போல இருந்தது. கைதட்டல் நின்றதும் இறங்கி, நேராக உடுப்பு மாற்றும் கூடாரத்துக்குப் போனார்.

உள்ளே ரீச்சர் திரும்பி வந்த தலைக்கவசங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நவரத்தினம் சேறு காய்ந்த கம்பளிக் கவசத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"நவம், ரீச்சரிட்டை ஒரு விசயம் சொல்ல வேணும். நீ சொல்லிவிடு."

"என்ன விசயம்?"

"உனக்கு முதுகு நோ இல்லை எண்டு. நான் சொன்னது பொய் எண்டு. உன்னை ஏன் வடத்திலை இருந்து எடுத்தனான் எண்டு."

நவரத்தினம் கவசத்தை மடித்து மேசையில் வைத்தார். "இவ்வளவு காலமும் நீங்கள் சொன்னதெல்லாத்தையும் ஜேர்மனிலை சொல்லியிருக்கிறன் அண்ணை. இது என்னாலை ஏலாது. நீங்களே சொல்லுங்கோ."

புவனேந்திரன் ரீச்சரிடம் திரும்பினார். தன்னிடம் இருந்த ஜேர்மன் சொற்களை எடுத்து ஒவ்வொன்றாக வைத்தார்.

"நவரத்தினம் முதுகு நல்லது. வலி இல்லை. நான் பொய். எங்கள் ஆட்கள், அவர் கயிறு, வேண்டாம். நானும், வேண்டாம் சொன்னேன். அவருடைய பிறப்பு."

"பிறப்பா?" ரீச்சர் நெற்றியைச் சுருக்கினார். "அவர் எங்கே பிறந்தவர்?"

"என் ஊருக்குப் பக்கம்."

"அப்படியானால் லோடியும் மிலானும் போல உங்கள் ஊர்களுக்குள் ஏதாவது போரா?"

"போர் இல்லை."

"அவர்கள் உங்களுக்கு என்ன செய்தார்கள்?"

"ஒன்றும் இல்லை."

ரீச்சர் வேறு ஏதாவது வரும் என்று காத்திருந்தார். அதற்கு மேல் சொல்லப் புவனேந்திரனுக்கு ஜேர்மன் தெரியாது. தமிழிலாவது சொல்ல முடியுமா என்று தேடிப் பார்த்தார்; அங்கேயும் ஒன்றும் இருக்கவில்லை. மர வண்டியை மேசையில், தலைக்கவசங்களுக்குப் பக்கத்தில் வைத்தார். ரீச்சர் அதை எடுத்துத் திரும்பக் கொடுக்கவில்லை. நவரத்தினத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, அடுத்த தலைக்கவசத்தை எடுத்தார்.

கூடாரத்துக்கு வெளியே நவரத்தினம் நின்றார். "ரீச்சரிட்டைச் சொல்லிப்போட்டீங்கள். அவவுக்கு விளங்கப் போறதில்லை எண்டு உங்களுக்கும் தெரியும். விளங்கிற ஆக்களிட்டைச் சொல்லேல்லை." அவ்வளவுதான். காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த கிழமை கோயில் நிர்வாகக் கூட்டம். தேர் ஒழுங்குகள் பற்றிப் பேச்சு வந்தபோது புவனேந்திரன் எழும்பினார். அவருக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை.

"நவரத்தினத்தை நாடக வடத்திலை இருந்து நான்தான் எடுத்தனான். அவன் நிண்டால் பத்துப் பன்னிரண்டு பேர் வரமாட்டினம் எண்டு எனக்குச் சொன்னவை. அந்தப் பன்னிரண்டு பேர் ஆர்? இஞ்சை இருந்தால் கையைத் தூக்குங்கோ."

நாடகத்தில் வடம் பிடித்தவர்களில் அனேகர் அங்கே இருந்தார்கள். ஒருவர் கையும் எழவில்லை. ஒருவர் தன் காலணியைப் பார்த்தார். இன்னொருவர், "எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை அண்ணை," என்றார். எல்லோரும் சிற்றம்பலத்தார் பக்கம் திரும்பினார்கள்.

"நானும் கேள்விப்பட்டதுதான்," என்றார் அவர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு. "அப்பிடி ஒரு கதை வரும் எண்டு நினைச்சன். வராமல் இருக்க முந்திச் சொன்னன். அதுக்கென்ன இப்ப? தேருக்கு ஐயர் எத்தினை பேர் எண்டதைக் கதைப்பம்."

கூட்டம் ஐயர்மாரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கியது. அந்தப் பன்னிரண்டு பேரும் வெறும் சொல். இல்லாத சனத்துக்குப் பயந்து, வந்து நின்ற ஒருவனின் கையிலிருந்து அவர் வடத்தை வாங்கியிருக்கிறார். வடம் வைத்திருந்த அறையின் பூட்டுத் திறப்பை நிர்வாகத்தின் மேசையில் வைத்துவிட்டுப் புவனேந்திரன் வெளியே வந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் அவர் பேருந்து ஏறி நவரத்தினத்தின் வீட்டுக்குப் போனார். மூன்றாம் மாடி. படியேறும்போது, பிறந்தநாள், பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்கு தவிர இந்தப் படியில் தான் ஏறியதே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. கார் இருப்பதால் நவரத்தினம் வருவார், தான் இருந்த இடத்தில் இருப்பார் என்றே இத்தனை காலமும் கணக்கு வைத்திருந்தார்.

நவரத்தினம் கதவைத் திறந்தார். "என்ன அண்ணை, ரெலிபோன் எடுத்திருக்கலாமே?"

புவனேந்திரன் நின்றபடியே கூட்டத்தில் நடந்ததைச் சொன்னார். ஒருவரும் கை தூக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். அதை மறைத்தால் தனக்குக் கொஞ்சம் நியாயம் மிஞ்சும் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது.

நவரத்தினம் மூக்கால் ஒரு சிரிப்புச் சிரித்தார். "அப்ப ஒருத்தரும் சொல்லேல்லை. ஒருத்தரும் சொல்லாமலே எடுத்தனீங்கள்."

"ஓம்."

"மற்றவைக்காகச் செய்தனீங்கள் எண்டு நினைச்சு மனதைத் தேத்திக்கொண்டிருந்தனான். இப்ப அதுவும் இல்லை."

"இல்லை, நவம்."

உள்ளே தேத்தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. நவரத்தினம் கதவின் பிடியை விடவில்லை.

"இண்டைக்கு உங்களை உள்ளை கூப்பிட எனக்கு மனம் வரேல்லை அண்ணை. குறை நினைக்காதேங்கோ."

"இல்லை, இல்லை. நான் என்னெண்டு குறை நினைக்கிறது?" புவனேந்திரன் படிப்பக்கம் திரும்பினார். வழக்கமாகச் சொல்வதைச் சொல்லலாமா கூடாதா என்று தயங்கினார். பிறகு சொன்னார். "போயிட்டு வாறன், நவம்."

எந்த வீட்டிலும் அதற்கு "வாங்கோ" என்று பதில் வரும். புவனேந்திரன் இரண்டாம் மாடி வளைவில் இறங்கிக்கொண்டிருந்தபோதுதான் மேலேயிருந்து நவரத்தினத்தின் குரல் வந்தது.

"ஓம்," என்றார். அதன் பிறகு கதவு சாத்தப்பட்டது.